எலும்பின் முதுகை ஒட்டியே போங்கள்: கெண்டைக்காலின் ஆழத் தசைகளில் டிரை நீட்லிங்

ஊசியைச் செலுத்திவிட்டுக் கையை எடுத்தேன். கைப்பிடி அசைந்தது. தசை துடித்தால் ஒருமுறை வெட்டி அடங்கிவிடும். இது அடங்கவில்லை. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்ப்பதுபோலச் சீரான இடைவெளியில் அசைந்துகொண்டே இருந்தது. படுத்திருந்தவர் நெடுந்தூர ஓட்டக்காரர். "உள்ளே ஏதோ விண்விண் என்கிறது" என்று அவரே சொன்னார். வந்த வழியே ஊசியை நேராக உருவி, பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்தினேன். பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்த்தேன். இரண்டும் நன்றாகவே இருந்தன. மறுநாள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கன்றல், அவ்வளவுதான். ஆனால் என் ஊசி முனை பின்புற டிபியல் தமனியின் பக்கத்தில் நின்றிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அன்று நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. ஊசியின் முனையைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்துவிட்டேன். அந்தச் சிறு சாய்வு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மருந்து ஏற்றாமல் மெல்லிய ஊசியால் தசையைக் குத்தி வலியைத் தணிக்கும் முறையான டிரை நீட்லிங்கில் முறையாகப் பயிற்சி பெற்று, தாங்கள் பணிபுரியும் இடத்தின் சட்டம் அனுமதிக்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் மருத்துவர்களுக்கும் உரியது இது. தன் காலில் தானே குத்திப் பார்க்கவோ, படித்த மாத்திரத்தில் அடுத்தவர் காலில் முயலவோ இது போதாது. சிகிச்சை எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள் படித்தால் தங்கள் சிகிச்சையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரியவரும்.

முதலில் வரைபடம். கெண்டைக்காலைப் பின்னாலிருந்து தொட்டால் கைக்குத் தட்டுப்படுவது காஸ்ட்ராக்னீமியஸ், அதன் அடியில் சோலியஸ். இரண்டையும் தாண்டி, எலும்போடு ஒட்டிக் கிடக்கும் மூன்று தசைகள்தான் இங்கே பேச்சு. நடுக்காலில் ஒரு குறுக்கு வெட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். உட்புறம், கணைக்காலின் பெரிய எலும்பான டிபியாவின் முதுகில், அதாவது பின்முகத்தில், படுத்திருப்பது கால் விரல்களை மடக்கும் ஃபிளெக்சர் டிஜிட்டோரம் லாங்கஸ். வெளிப்புறம், மெல்லிய துணை எலும்பான ஃபிபுலாவின் முதுகில் இருப்பது பெருவிரலை மடக்கும் ஃபிளெக்சர் ஹாலூசிஸ் லாங்கஸ். இரண்டுக்கும் நடுவே, இரண்டு எலும்புகளையும் இணைக்கும் சவ்வின்மேல், எல்லாவற்றிலும் ஆழத்தில் இருப்பது டிபியாலிஸ் போஸ்டீரியர். பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் முதன்மையான தசை அதுதான். கணைக்காலின் உட்புற வலியோடு ஓட்டக்காரர்கள் வரும்போதும், உள்வளைவு சரிந்தவர்கள் வலியோடு வரும்போதும் நம் விரல் தேடுவது அதைத்தான். விரலுக்கு அது எட்டாது என்பதே சிக்கல். நீங்கள் அழுத்தி "இதோ டிபியாலிஸ் போஸ்டீரியர்" என்று சொல்லும்போது பெரும்பாலும் சோலியஸையும் விரல் மடக்கியையும் சேர்த்தே அழுத்துகிறீர்கள்.

இனி, தொடக்கூடாதவை. பின்புற டிபியல் தமனி, அதன் துணைச் சிரைகள், டிபியல் நரம்பு ஆகியவை ஒரு கட்டாகச் சேர்ந்து இந்த ஆழத் தசைகளின் பின்முகத்தில், சோலியஸுக்கு அடியில் இறங்குகின்றன. ஆக, அந்தக் கட்டு நம் தசைக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் இடையெலும்புச் சவ்வு. சவ்வுக்கு அப்பால் முன்புற டிபியல் தமனியும் ஆழ் பெரோனியல் நரம்பும். வெளிப்புறம் ஃபிபுலாவை ஒட்டிப் பெரோனியல் தமனி. பின்னால் சாய்ந்தால் ஒரு தமனி, முன்னால் துளைத்தால் இன்னொன்று, அளவு மீறி ஆழம் போனால் மூன்றாவது. நடுவே இருக்கும் இடம்தான் நமக்கு உரியது. அந்த இடத்துக்கு ஒரே ஒரு சுவர் மட்டும் கையால் உணரக்கூடியது: டிபியாவின் முதுகு. அதனால்தான் தலைப்பில் அப்படி எழுதினேன். எலும்பு நகராது, ஆளுக்கு ஆள் ஏமாற்றாது. ஊசிமுனை எலும்பின் பின்முகத்தை ஒட்டிச் சறுக்கும்வரை நரம்புக்கட்டு உங்களுக்குப் பின்னால்தான் இருக்கும்.

மேல் கால்பகுதிக்கு, அதாவது முழங்காலுக்குக் கீழே உள்ள முதல் கால்வாசிக்கு, நான் போவதே இல்லை. அங்கேதான் முன்புற டிபியல் தமனி, டிபியாலிஸ் போஸ்டீரியரின் இரு தலைகளுக்கும் இடையில் புகுந்து, சவ்வின் மேல்விளிம்பைத் தாண்டி முன்னால் போகிறது. முழங்காலின் பின்னால் இருக்கும் பாப்லிடியஸ் தசையின் முதுகிலேயே பாப்லிடியல் தமனி கிடக்கிறது. மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் கருவியோடு ஒருவர் உடன் இருந்தால் அது வேறு கதை. கையை மட்டும் நம்பி அங்கே ஊசி எடுப்பவர்களை நான் தடுக்கவே பார்ப்பேன். ஹாலூசிஸ் லாங்கஸும் எனக்கு அப்படித்தான். பெரோனியல் தமனி அதன் பக்கத்திலேயே ஓடுவதால் படம் பார்க்காமல் தொடுவதில்லை.

குத்துவதா வேண்டாமா

இந்தக் கேள்விக்கு ஊசியைப் பிடிப்பதைவிட அதிக நேரம் கொடுங்கள். நீண்ட பயணம் முடித்து வந்த ஒருவர் "ஆடுசதை பிடித்துக்கொண்டது, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார்கள்" என்று வந்தார். ஒரு கால் மற்றதைவிடப் பருத்திருந்தது. அளவுநாடா வைத்துப் பார்த்தேன். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. ஊசிப் பெட்டியைத் திறக்காமல் அவரை அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருந்தது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு உடம்பு சில்லென்கிறது. அங்கே அழுத்திப் பிசைந்திருந்தாலே ஆபத்து, குத்துவது இருக்கட்டும்.

ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் கால் இறுகிக் கல்லாகி, நின்றால் தளரும் என்று சொல்பவருக்கு, தசைகளைச் சூழ்ந்த உறைக்குள் அழுத்தம் ஏறும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் இருக்கலாம். ஏற்கெனவே அழுத்தம் ஏறும் மூடிய அறைக்குள் இரத்தக்கசிவையும் சேர்க்காதீர்கள். டிபியாவின் விளிம்பில் ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்தால் துள்ளுகிறாரா? எலும்பில் அழுத்த முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை ஊசிக்கு வேலை இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், இரத்தக்கசிவு நோய் உள்ளவர், நிணநீர் வீக்கம் உள்ள கால், நீரிழிவால் உணர்ச்சி மரத்த பாதம், தோலில் புண் அல்லது தொற்று, நோய் எதிர்ப்பு குறைந்தவர், கர்ப்பிணி, ஊசியைக் கண்டாலே நடுங்குபவர் எனப் பட்டியல் உங்கள் பயிற்சியிலேயே வந்திருக்கும். உணர்ச்சி மரத்த கால் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். இந்த ஆழத்தில் நமக்கு இருக்கும் எச்சரிக்கை மணி நோயாளியின் உணர்வு. அது வேலை செய்யாத காலில் நாம் காதடைத்துக்கொண்டு சாலையைக் கடப்பவர்கள்.

இசைவு வாங்கும்போது எண்களைச் சொல்லுங்கள். அயர்லாந்தில் 39 பிசியோதெரபிஸ்ட்டுகள் 7,629 சிகிச்சைகளைப் பதிவு செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 19 சதவீதச் சிகிச்சைகளில் சிறு பாதிப்புகள் பதிவாயின. முதலிடம் கன்றலுக்கு, பிறகு இரத்தக்கசிவு, பிறகு வலி. கடுமையான பாதிப்பு ஒன்றுகூட இல்லை. 2020இல் வந்த இன்னொரு ஆய்வில் 20,494 சிகிச்சைகளில் 20 பெரிய பாதிப்புகள் பதிவாயின. இவை உடலின் எல்லாப் பகுதிகளையும் சேர்த்த கணக்கு. கெண்டைக்காலின் ஆழத்துக்கு இதை அப்படியே ஒப்பிக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

கையும் ஊசியும்

பாதிக்கப்பட்ட கால் கீழே இருக்கும்படி நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மற்ற காலை முன்னால் மடக்கித் தலையணைமேல் வைத்தால் கணைக்காலின் உட்புறம் முழுவதும் மேல்நோக்கித் திறந்துகொள்ளும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. உட்கார்ந்த நிலையில் வேண்டாம். மயங்கிச் சாய்பவர்கள் இருக்கிறார்கள். படுத்திருந்தால் விழ இடமில்லை.

டிபியாவின் உள்விளிம்பை முழங்காலிலிருந்து கணுக்கால்வரை விரலால் வருடுங்கள். பாதி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று மேலும் கீழுமான பகுதியில்தான் நான் வேலை செய்கிறேன். குத்தும் முன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தோலைப் பாருங்கள். பெரிய சஃபீனஸ் சிரையும் கூடவே ஓடும் நரம்பும் இந்த விளிம்பை ஒட்டித்தான் மேலேறுகின்றன. நீலக்கோடு தெரிந்தால் ஒரு விரற்கடை தள்ளிக்கொள்ளுங்கள். கைகழுவுதல், கையுறை, தோல் துடைப்பு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி ஆகியவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊசி 0.30 மில்லிமீட்டர் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம். 0.25 இன்னும் மென்மைதான், ஆனால் ஆழத்தில் வளைகிறது. கைப்பிடி ஒரு திசையைக் காட்ட, முனை வேறு திசையில் போயிருக்கும். திசைதான் நம் உயிர்நாடி என்பதால் அந்த மென்மையை நான் விட்டுக்கொடுக்கிறேன். 60, 75 என்று நீளமானவற்றை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். ஊசி நீளமாக இருந்தால் என்றாவது ஒருநாள் கை அதை முழுதாகச் செலுத்திவிடும். உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்பதை வெளியே மிச்சமிருப்பதைப் பார்த்துக் கணக்கிடுங்கள். என் கைக்கு வந்த கால்களில் மெலிந்த ஓட்டக்காரருக்கு 2 சென்டிமீட்டரிலேயே இலக்கு வந்திருக்கிறது. பருத்த காலில் 4 சென்டிமீட்டர் தேவைப்பட்டிருக்கிறது. உள்ளங்கையால் தசையை அழுத்திப் பிடித்தால் இந்தத் தூரம் குறையும். எனவே அழுத்தத்தோடு அளந்ததையும் அழுத்தம் இல்லாமல் அளந்ததையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி அந்த அசைவு. ஊசி பிடிக்காத கையின் கட்டைவிரலை டிபியாவின் உள்விளிம்புக்குப் பின்னால் புதைத்து, சோலியஸைப் பின்னோக்கி ஒதுக்குங்கள். எலும்பின் விளிம்புக்கும் உங்கள் விரலுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டாகும். அங்கே வழிகாட்டிக் குழாயை வைத்துத் தட்டுங்கள். குழாயை எடுத்தபின் முனையை எதிர்ப்பக்க ஃபிபுலாவை நோக்கி, டிபியாவின் முதுகை வருடிக்கொண்டு போகும்படி, மெதுவாகச் செலுத்துங்கள். முதல் சில மில்லிமீட்டர்களிலேயே முனை எலும்பைத் தொட வேண்டும். தொட்டால் கைக்கு மரத்தைத் தட்டியதுபோல் இருக்கும், நோயாளி மந்தமான வலி என்பார். அதுதான் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கான முதல் உறுதி. இரண்டு மில்லிமீட்டர் பின்வாங்கி, இம்மியளவு கோணத்தை மாற்றி, எலும்பைத் தாண்டி மேலும் செல்லுங்கள். எலும்பே தட்டுப்படாமல் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் போகிறதா? மகிழ்ந்துவிடாதீர்கள். நீங்கள் பின்னால் சாய்ந்திருக்கிறீர்கள். வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். எனக்கு அன்று நேர்ந்தது இதுதான். ஊசி சுலபமாகப் போகிறதே என்று நினைத்தேன்.

சற்று ஆழம் போனதும் முனையில் இறுக்கமான ஒரு எதிர்ப்பு வந்தால் அது சவ்வாக இருக்கலாம். அதைத் துளைக்கும் தேவை நமக்கு இல்லை. நிறுத்துங்கள். மேலே உள்ள தசைகளில் சிலர் செய்வதுபோல் வேகமாகக் குத்தி எடுக்கும் முறை இந்த இடத்துக்கு ஆகாது. மூன்று நான்கு முறை, சிறிய வீச்சில், ஒவ்வொரு முறையும் அதே தடத்தில், நிதானமாக. அல்லது அசைக்காமல் அப்படியே ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். தசைத் துடிப்பு வரவில்லையே என்று வேட்டையாடத் தொடங்கினால் விபத்துக்குக் கதவைத் திறக்கிறீர்கள்.

உள்ளங்காலுக்கு மின்சாரம் பாய்ந்ததாகச் சொன்னால் அது டிபியல் நரம்பு. பாதத்தின் மேல், பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையே சுரீர் என்றால் சவ்வைத் தாண்டி ஆழ் பெரோனியல் நரம்பிடம் போய்விட்டீர்கள். எரிச்சலும் விண்விண் துடிப்பும் இரத்தக்குழாயைக் குறிக்கும். மூன்றிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திசை மாற்றாமல் நேராக உருவி எடுங்கள். அந்தத் தடத்தில் அன்றைக்கு மறுபடி போக வேண்டாம். படுக்க வைக்கும்போதே நோயாளிக்கு இந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். "வலிக்கும்போது சொல்லுங்கள்" என்றால் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். "மின்சாரம் போல, எரிச்சல், துடிப்பு, இந்த மூன்றில் ஒன்று வந்தால் உடனே சொல்லுங்கள்" என்றால் சொல்லிவிடுவார்.

சரியான தசையில் இருக்கிறோமா?

பாதுகாப்பாக இருப்பது வேறு, சரியான இடத்தில் இருப்பது வேறு. இதைப் பல ஆண்டுகள் நான் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். அல்ட்ராசவுண்ட் பார்க்கும் மருத்துவ நண்பர் ஒருவர் ஒருநாள் என் பக்கத்தில் அமர்ந்தார். நான் செலுத்த, அவர் திரையைப் பார்க்க, ஐந்து கால்கள். இரண்டில் என் முனை விரல் மடக்கியிலேயே நின்றுவிட்டது. அந்த இருவருக்கும் வலி குறைந்திருந்தது. நோயாளி தேறினார் என்பதை வைத்து ஊசி இலக்கில் இருந்தது என்று முடிவு கட்டக் கூடாது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். 1979இல் செக் மருத்துவர் காரெல் லெவிட், மருந்தில்லா ஊசியால் வலி தணிவதைப் பற்றி எழுதியபோதே, அதிக வலி இருக்கும் புள்ளியை ஊசி எவ்வளவு துல்லியமாகத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே பலன் என்று குறிப்பிட்டார். துல்லியம் நம் தொழிலில் புதிதாக முளைத்த கவலை அல்ல.

கருவி இல்லாதவர்களுக்கு ஒரு எளிய சோதனை. ஊசி உள்ளே இருக்க, கையை அதிலிருந்து எடுத்துவிட்டு, நோயாளியின் கடைசி நான்கு விரல்களை மட்டும் மெல்ல மேலும் கீழும் நகத்தளவு அசையுங்கள். கைப்பிடி நன்றாக ஆடினால் முனை விரல் மடக்கியில் இருக்கிறது. அடுத்து விரல்களைத் தளர விட்டு, பாதத்தை மட்டும் உள்நோக்கித் திருப்பி விடுங்கள். இப்போது ஆட்டம் கூடினால் டிபியாலிஸ் போஸ்டீரியர். ஊசியின் உடல் விரல் மடக்கி வழியாகத்தான் போகிறது, ஆகவே முதல் சோதனையிலும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இரண்டில் எது அதிகம் என்று பாருங்கள். நோயாளியைத் தானாக அசைக்கச் சொல்லாதீர்கள். தசை இறுகி ஊசியை வளைத்துவிடும்.

அல்ட்ராசவுண்ட் கிடைத்தால் குத்தும் முன்பே ஒரு பார்வை பாருங்கள். இரண்டு எலும்புகளுக்கும் இடையே பளிச்சென்ற கோடாகச் சவ்வு தெரியும். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரில் தமனி மின்னும், ஆய்கருவியால் அழுத்தினால் சிரை தட்டையாகும். தோலிலிருந்து தசைக்கு எத்தனை மில்லிமீட்டர், தமனி எந்தப் பக்கம் என்று பேனாவால் தோலிலேயே எழுதிக்கொள்வேன். குத்தும்போதும் பார்ப்பதானால், திரையில் தெரிவது ஊசியின் முனையா, நடுப்பகுதியா என்று ஒவ்வொரு கணமும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மெல்லிய ஊசி செங்குத்தாக இறங்கும்போது எளிதில் தெரியாது. தெரியும் இடத்தை முனை என்று நம்பி, உண்மையான முனையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

எடுத்த பிறகு

ஊசியை எடுத்ததும் ஒரு நிமிடம் முழுதாக அழுத்துங்கள். ஆழத்தில் கசிவது மேலே தெரியாது, பஞ்சில் சிவப்பு இல்லை என்பதால் கை எடுக்கக் கூடாது. ஊசிகளை எண்ணி அப்புறப்படுத்துங்கள். உடனே எழுந்து நிற்க விடாமல் கணுக்காலை அசைக்கச் செய்து, பிறகு உட்கார வைத்து, பிறகு நடக்க விடுங்கள். ஓரிரு நாள் உளைச்சல் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னால் அவர் பயப்பட மாட்டார். அன்று மாலை ஓட்டம் வேண்டாம்.

ஊசி வலியைத் தணித்து ஒரு வாசலைத் திறக்கிறது, பெரும்பாலும் கொஞ்ச காலத்துக்கு. அந்த அவகாசத்தில் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியையும் பாதத்தை உள்நோக்கித் தள்ளும் பயிற்சியையும் படிப்படியாகச் சுமை கூட்டிச் செய்ய வைக்காவிட்டால் அவர் அடுத்த மாதம் அதே வலியோடு வருவார். வாராவாரம் ஊசிக்காக மட்டும் வருபவருக்கு மூன்றாவது முறையோடு நான் மறுத்துவிடுவேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு துண்டுத்தாளில் இதை எழுதிக் கொடுக்கிறேன்: கெண்டைக்கால் நேரம் ஆக ஆக இறுகிக் கல்போல் ஆனாலோ, விரல்களை மேலே வளைத்தால் தாங்க முடியாமல் வலித்தாலோ, உள்ளங்கால் மரத்தாலோ, பாதம் வெளுத்துக் குளிர்ந்தாலோ, காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், கால் வீங்கினாலோ, காய்ச்சலோடு சிவந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். தாளின் கீழே என் எண் இருக்கும். மறுநாள் காலை நானும் ஒருமுறை அழைப்பேன். அந்த ஓட்டக்காரரை அன்று மூன்று முறை அழைத்தேன்.

என் பதிவேட்டில் ஒவ்வொரு ஆழ ஊசிக்கும் ஐந்து விவரங்கள் எழுதுகிறேன்: எந்த உயரத்தில் குத்தினேன், எந்தத் திசை, எத்தனை மில்லிமீட்டர், எலும்பு தட்டுப்பட்டதா, நோயாளி என்ன சொன்னார். "எலும்பு தட்டுப்பட்டதா" என்ற கட்டம் அந்த மாலைக்குப் பிறகு சேர்ந்தது.